நீண்ட ஆவணங்களும் பக்க அடிவரியும்

(வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)

 

நம் கல்விக் கழகம் 25 ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், கல்வியின் மேன்மை பற்றியும் அண்ணல் அம்பேத்கர் காட்டிய வழி பற்றியும் நமக்கு முன் பேசியவர்கள் விரிவாக எடுத்துரைத்தார்கள். நமக்கு அளிக்கப்பட்டுள்ள பொருளோ மிகச் சிறியது. கணிப்பொறியில் நீண்டதோர் ஆவணத்தைத் தயாரிக்கும்போது, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வருகின்ற வரியை எவ்வாறு ஒழுங்குபடுத்துவது என்பதே அப்பொருள். இதற்கு ஓர் உரை வேண்டுமா என்று சிலர் புன்னகை புரியக்கூடும். வேண்டும் என்பதை நம் கழகத்திற்கு நேர்ந்த ஓர் அனுபவத்தைக் கொண்டே தெளிவுபடுத்த விரும்புகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் தெருவிற்குரிய மயானப் பாதை குறித்து ஒரு நீண்ட மனு தயாரித்தோம். மனுவுடன் நான்கு இணைப்புகள்: நில வரைபட நகல், பழைய ரசீதுகள், அலுவலகங்களிலிருந்து வந்த பதில்கள், ஊர் மக்களின் கையொப்பங்கள். மொத்தம் 60 பக்கங்களுக்கு மேல். அதைத் தட்டச்சிட்டது நாமே. கடைசி நாள் இரவு, நான்காம் இணைப்பின் அடியில் மட்டும் 'இணைப்பு 4 – கையொப்பங்கள்' என்று எழுதிவிட்டு, அச்செடுத்து, அடுக்கித் தைத்து, மறுநாள் காலை கொண்டு சென்றோம். விசாரணையின்போது அதிகாரி தாள்களைப் புரட்டினார். வரைபடத்தின் அடியிலும் 'கையொப்பங்கள்' என்றிருந்தது. ரசீதின் அடியிலும் அவ்வாறே இருந்தது. மனுவில் 'பக்கம் 14 காண்க' என்று எழுதியிருந்தோம். ஒவ்வோர் இணைப்பும் 1 என்றே தொடங்கியிருந்தமையால், அந்தக் கட்டில் 14 என்ற எண்ணுடைய பக்கங்கள் மூன்று இருந்தன. வரிசைப்படுத்தி மீண்டும் தருமாறு கூறி மனுவைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

அடுத்த விசாரணைக்குப் பல மாதங்கள் ஆயின. அதற்குள் மழைக்காலம் வந்தது. நம் தெருவில் மறைந்த பெரியவர் ஒருவரின் உடலை, இடுப்பளவு நீர் ஓடிய வாய்க்காலில் இறங்கித் தூக்கிச் சென்றோம். பாதை பின்னர் வந்துவிட்டது. ஆயினும், அந்தப் பெரியவர் அதன் வழியே செல்லவில்லை. மனுவைத் திருப்பிய அலுவலகத்தின் மீது நாம் குறை கூறவில்லை. பக்கத்தின் அடியில் இருந்த ஒரு வரியை நாம் கவனிக்கவில்லை, குறை நம்முடையதே. நம்மவர் கொடுக்கும் தாளைத் திருப்பி அனுப்புவதற்குக் காரணம் தேடுவோர் பலர் இருக்கிற நாட்டில், நாமே அக்காரணத்தை எழுதிக் கொடுக்கலாகாது என்பதே அன்று நாம் கற்ற பாடம்.

பக்க எண்ணின் அருமைக்கு இன்னொரு சான்றும் கூறுவோம். பாபாசாகேப் அம்பேத்கர் 1956 டிசம்பர் 6 அன்று மறைந்தபோது, அவர் எழுதி அச்சேறாதிருந்தவை ஏராளம். மகாராட்டிர அரசு அவருடைய எழுத்துகளையும் பேச்சுகளையும் 1979 முதல் தொகுதி தொகுதியாக வெளியிடலாயிற்று. வசந்த் மூன் அவர்கள் பதிப்பாசிரியராக இருந்து அப்பெரும் பணியை ஆற்றினார்கள். 1987இல் வெளிவந்த மூன்றாம், நான்காம் தொகுதிகளில் அச்சேறாத அக்கையெழுத்துப் படிகள் இடம்பெற்றன. எத்தாள் எதனைத் தொடர்கிறது, எவ்விடத்தில் பக்கம் விடுபட்டுள்ளது, எந்த அத்தியாயம் முற்றுப்பெறாதது என்று பதிப்பாளர்கள் ஆங்காங்கே குறிப்பு எழுதியிருப்பதை அத்தொகுதிகளில் காணலாம். தாளில் எண் இருந்தால்தான் ஒரு தாள் காணாமற்போனது என்பதே தெரியும். எண்ணில்லாத கட்டிலிருந்து எவர் எதை உருவினாலும் அறிய வழியில்லை. நம் மனுக்களுக்கும் கணக்குகளுக்கும் இது பொருந்தும் என்பதை நீங்கள் உணர்வீர்கள்.

இனிச் செய்முறைக்கு வருவோம். நாம் கூறப்போவது பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் வேர்டு என்னும் மென்பொருளைப் பற்றியது. முதலில் ஒரு சொல் மயக்கத்தை நீக்கிக்கொள்வோம். அடிக்குறிப்பு என்பது வேறு. அது உரையில் வரும் ஒரு சொல்லுக்கோ செய்திக்கோ விளக்கமாக அப்பக்கத்தில் மட்டும் வருவது. நாம் பேசுவது ஃபுட்டர் எனப்படும் அடிவரி பற்றி. அது பக்கந்தோறும் தானே வருவது. பக்க எண், நூற்பெயர், அத்தியாயத் தலைப்பு முதலியவற்றைத் தாங்குவது. பக்கத்தின் அடி ஓரத்தில் இருமுறை சொடுக்கினால் அவ்விடம் திறக்கும். அங்கு எண்ணைக் கையால் தட்டச்சிடுதல் கூடாது. கையால் 5 என்று இட்டால் எல்லாப் பக்கங்களிலும் 5 என்றே வரும். 'பேஜ் நம்பர்' என்ற கட்டளையின் வழியே இட்டால்தான் பக்கத்திற்கேற்ப எண் மாறும்.

ஆவணம் முழுவதற்கும் ஒரே வகை அடிவரி போதுமானால் இவ்வளவே வேலை. ஆனால் நூலுக்கு அது போதாது. நம் வெள்ளி விழா மலரையே எடுத்துக்கொள்வோம். உட்தலைப்புப் பக்கத்தில் எண் இருத்தலாகாது. அணிந்துரை, முன்னுரை ஆகியவற்றிற்குச் சிறிய ரோமன் எண்கள் வேண்டும். கட்டுரைகள் 1 முதல் தொடங்க வேண்டும். வரவு செலவுப் பட்டியல் அகலமானது; அதனைத் தாளின் கிடைநிலையில் அமைக்க வேண்டும். இறுதியில் உறுப்பினர் பட்டியல். இங்ஙனம் வேறுபடும் இடங்களிலெல்லாம் ஆவணத்தைப் பகுதிகளாகப் பிரித்தல் வேண்டும். இதற்கு 'செக்ஷன் பிரேக்' என்று பெயர். கன்ட்ரோல் விசையுடன் எண்டர் விசையை அழுத்தினால் கிடைப்பது வெறும் பக்க முறிவே. அது பகுதியைப் பிரிக்காது. 'லேஅவுட்' என்ற தலைப்பின் கீழ் 'பிரேக்ஸ்' என்பதைத் திறந்து, 'செக்ஷன் பிரேக்ஸ்' வரிசையில் உள்ள 'நெக்ஸ்ட் பேஜ்' என்பதைத் தெரிவு செய்ய வேண்டும். ஒவ்வோர் அத்தியாயமும் வலப்பக்கத்திலேயே தொடங்க வேண்டுமென விரும்பினால் 'ஆட் பேஜ்' என்பதைத் தெரிவு செய்யலாம்.

இப்பொழுது உரையின் மையத்திற்கு வருகிறோம். புதிய பகுதி ஒன்று பிறந்தவுடன், அதன் அடிவரி தனக்கு முந்தைய பகுதியின் அடிவரியோடு பிணைக்கப்பட்டே இருக்கும். அடிவரியைத் திறந்தால் 'சேம் ஆஸ் ப்ரீவியஸ்', அதாவது 'முந்தையதைப் போன்றதே' என்ற குறிப்பு வலப்புறம் தோன்றும். இப்பிணைப்பு இருக்கும் வரையில் நான்காம் பகுதியில் நீங்கள் எழுதுவது மூன்றிலும், இரண்டிலும், ஒன்றிலும் போய் நிற்கும். நம் மனுவின் வரைபடத்தடியில் 'கையொப்பங்கள்' என்று வந்ததன் காரணம் இதுவே. பகுதிகளைப் பிரித்திருந்தோம், பிணைப்பை அறுக்கவில்லை.

பிணைப்பை அறுக்கும் கட்டளை 'லிங்க் டு ப்ரீவியஸ்' என்பது. அடிவரிக்குள் எழுத்துக்குறியை வைத்துக்கொண்டு அதனை ஒருமுறை சொடுக்கினால் பிணைப்பு நீங்கும். 'சேம் ஆஸ் ப்ரீவியஸ்' என்ற குறிப்பும் மறையும். குறிப்பு மறைந்ததைக் கண்ணால் கண்ட பின்னரே எழுதத் தொடங்க வேண்டும். இதில் மூன்று நுட்பங்களை நினைவிற் கொள்ளுங்கள்.

முதலாவது, மேல்வரிக்கும் அடிவரிக்கும் பிணைப்புகள் தனித்தனி. ஒன்றை அறுத்தால் மற்றது அறுபடாது.

இரண்டாவது, நடுப்பகுதி ஒன்றை மட்டும் மாற்ற வேண்டுமானால் இரண்டு இடங்களில் அறுக்க வேண்டும். மூன்று பகுதிகளில் இரண்டாவதை மாற்ற விரும்புகிறீர்கள் எனக் கொள்வோம். இரண்டாவதை முதலாவதிலிருந்து பிரிப்பதோடு, மூன்றாவதை இரண்டாவதிலிருந்தும் முன்கூட்டியே பிரித்துவிட வேண்டும். இல்லையேல் இரண்டாவதில் செய்த மாற்றம் மூன்றாவதிலும் படியும்.

மூன்றாவது, ஒரு பகுதிக்கு ஓர் அடிவரிதான் என்று எண்ணிவிடாதீர்கள். மூன்று வரை இருக்கலாம். 'டிஃபரன்ட் ஃபர்ஸ்ட் பேஜ்' என்பதைத் தெரிவு செய்தால் அப்பகுதியின் முதற்பக்கத்திற்குத் தனி அடிவரி உண்டு. 'டிஃபரன்ட் ஆட் அண்ட் ஈவன் பேஜஸ்' என்பதைத் தெரிவு செய்தால் ஒற்றைப்படைப் பக்கத்திற்கு ஒன்று, இரட்டைப்படைப் பக்கத்திற்கு ஒன்று என்றாகும். முன்னது பகுதிக்குப் பகுதி வேறுபடலாம். பின்னது ஆவணம் முழுவதற்கும் பொதுவானது. இம்மூன்று அடிவரிகளுக்கும் பிணைப்பு தனித்தனி என்பதால் ஒவ்வொன்றிலும் சென்று அறுத்தல் வேண்டும். பகுதியின் முதற்பக்கத்தில் மட்டும் எண் வரவில்லை என்று இளைஞர்கள் பலர் கவலையுறுவர். புதிய பகுதி முந்தைய பகுதியின் அமைப்பை அப்படியே பெற்றுக்கொள்வதால் 'டிஃபரன்ட் ஃபர்ஸ்ட் பேஜ்' அங்கும் தெரிவாகியிருக்கும். அம்முதற்பக்க அடிவரி வெறுமையாக இருக்கும். காரணம் அவ்வளவே.

அடுத்து எண்களின் தொடர்ச்சி. அடிவரியின் பிணைப்பு வேறு, எண்ணின் தொடர்ச்சி வேறு. 'ஃபார்மட் பேஜ் நம்பர்ஸ்' என்பதைத் திறந்தால் எவ்வகை எண் வேண்டும் என்றும், எங்கிருந்து தொடங்க வேண்டும் என்றும் கேட்கும். முன்னுரைப் பகுதியில் ரோமன் எண்ணைத் தெரிவு செய்க. கட்டுரைப் பகுதியின் தொடக்கத்தில் சாதாரண எண்ணைத் தெரிவு செய்து, 'ஸ்டார்ட் அட்' என்பதில் 1 என இடுக. அதற்கடுத்த பகுதிகள் அனைத்திலும் 'கன்டினியூ ஃப்ரம் ப்ரீவியஸ் செக்ஷன்' என்பதே இருக்க வேண்டும். பட்டியலுக்குப் பின் எண் திடீரென மீண்டும் 1 ஆகிவிட்டதானால், அப்பகுதியில் இத்தெரிவைப் பாருங்கள்.

அலுவலகங்களுக்கும் நீதிமன்றங்களுக்கும் கொடுக்கும் கட்டுகளில் முதற்பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை ஒரே தொடர் எண் இருப்பது நன்று. இணைப்பின் பெயர் பகுதிக்குப் பகுதி மாறட்டும், எண் தொடரட்டும். 'மொத்தம் இத்தனை பக்கங்களில் இது இத்தனையாவது' என்று காட்டவும் வழியுண்டு. 'நம்பேஜஸ்' என்னும் புலம் ஆவணம் முழுமைக்குமான பக்கத்தொகையைத் தரும். 'செக்ஷன்பேஜஸ்' என்னும் புலம் அப்பகுதியின் பக்கத்தொகையை மட்டும் தரும். மொத்தத் தொகை அடியில் இருக்குமானால், கடைசித் தாள் கழன்று போயினும் காண்போர்க்குத் தெரியும்.

அத்தியாயத் தலைப்பு அடிவரியில் வர வேண்டும் என்பதற்காக அத்தியாயந்தோறும் பகுதி பிரித்துப் பிணைப்பை அறுத்து வருந்துவோர் உளர். அது தேவையில்லை. அத்தியாயத் தலைப்புகள் அனைத்திற்கும் 'ஹெடிங் 1' என்னும் பாணியை அளித்துவிட்டு, அடிவரியில் 'ஸ்டைல்ரெஃப்' என்னும் புலத்தை வைத்தால், அந்தந்தப் பக்கத்திற்குரிய தலைப்பை அது தானே எடுத்து வைத்துக்கொள்ளும். தலைப்பைத் திருத்தினால் அடிவரியும் திருந்தும். 20 கட்டுரைகள் கொண்ட மலருக்கு இது பேருதவி. பகுதிகள் குறைந்தால் பிழைகளும் குறையும் என்பது நம் அனுபவம்.

கிடைநிலைப் பட்டியலைப் பற்றி ஒரு வார்த்தை. அப்பட்டியலுக்கு முன்னும் பின்னும் பகுதி பிரித்து, நடுப்பகுதியை மட்டும் கிடைநிலைக்கு மாற்ற வேண்டும். அங்கு தாள் அகலமாகிவிடுவதால், நிமிர்நிலைக்கென்று அளந்து வைத்த டேப் நிறுத்தங்கள் பொருந்தா. எண் நடுவிலோ ஓரத்திலோ நில்லாமல் இடையில் நிற்கும். அங்கு பிணைப்பை அறுத்து, அளவைத் திருத்துக. அடுத்த பகுதியின் பிணைப்பையும் முன்கூட்டியே அறுத்திருக்க வேண்டும் என்பதை மீண்டும் நினைவூட்டுகிறோம்.

பலரையும் திகைக்க வைக்கும் ஒன்றையும் கூறிவிடுகிறோம். ஒரு பகுதியின் பக்க அமைப்பும் அடிவரியும், அப்பகுதியின் முடிவில் உள்ள செக்ஷன் பிரேக்கில்தான் அடங்கியிருக்கின்றன. கடைசிப் பகுதிக்குரியவை ஆவணத்தின் இறுதிப் பத்திக் குறியில் அடங்கியிருக்கும். எனவே, தேவையில்லை என்று கருதி ஒரு செக்ஷன் பிரேக்கை அழித்தால், பின்பகுதி முன்பகுதியைப் போல ஆகாது. முன்பகுதிதான் தன் அமைப்பை இழந்து பின்பகுதியின் அமைப்பைப் பெறும். கிடைநிலைப் பட்டியலுக்கு முன்னுள்ள பிரிப்பை அழித்தால் அதற்கு முந்தைய கட்டுரைகளெல்லாம் கிடைநிலைக்குச் சென்றுவிடும். அஞ்ச வேண்டாம், 'அன்டூ' கட்டளையால் உடனே மீட்கலாம். 'ஹோம்' தலைப்பின் கீழுள்ள பத்திக்குறிப் பொத்தானை அழுத்தி வைத்துக்கொண்டால் பிரிப்புகள் இருக்குமிடம் புள்ளிக்கோடாகத் தெரியும். தெரியாத ஒன்றைத் தவறுதலாக அழிப்பதும் நேராது.

மலருக்குக் கட்டுரைகள் பல கைகளிலிருந்து வரும். ஒருவர் கோப்பிலிருந்து நகலெடுத்துத் தலைமைக் கோப்பில் ஒட்டும்போது, அதில் செக்ஷன் பிரேக் இருந்தால் அவருடைய அடிவரியும் கூடவே வந்து சேரும். ஆகவே கட்டுரையாளர்கள் தம் கோப்பில் எந்தப் பிரிப்பும் இடாமல் அனுப்புதல் நலம். அடிவரி வேலையைத் தொகுப்பாளர் ஒருவரே இறுதியில் செய்தல் வேண்டும்.

விலை கொடுத்து மென்பொருள் வாங்க இயலாதோர் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரேஆஃபீஸ் ரைட்டரைப் பயன்படுத்தலாம். அங்கு அடிவரி பகுதியைச் சார்ந்ததன்று. பக்கப் பாணியைச் சார்ந்தது. முன்னுரைக்கு ஒரு பாணி, கட்டுரைக்கு ஒரு பாணி, கிடைநிலைக்கு ஒரு பாணி என்று அமைத்துக்கொண்டு, பக்க முறிவு இடும்போது அடுத்து வரும் பாணி எது, எண் எங்கிருந்து தொடங்கும் என்று குறிப்பிட வேண்டும். முறை வேறாயினும் நோக்கம் ஒன்றே.

அச்சுக்குச் செல்லுமுன், ஒவ்வொரு பகுதியின் முதற்பக்கம், இரண்டாம் பக்கம், கடைசிப் பக்கம் ஆகியவற்றைத் திரையில் பார்த்துவிடுங்கள். பிழைகள் பெரும்பாலும் அவ்விடங்களிலேயே இருக்கும். பின்னர்ப் பி.டி.எஃப். கோப்பாக மாற்றி, அதனையே அச்சகத்திற்குக் கொடுங்கள். வேறு கணிப்பொறியில் திறக்கும்போது எழுத்துரு மாறிப் பக்கங்கள் இடம் பெயரும் தொல்லை அதனால் நீங்கும்.

அன்பார்ந்த இளைஞர்களே! 1893இல் இரட்டைமலை சீனிவாசன் அவர்களும், 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் அவர்களும் நம்மவர்க்கென இதழ் தொடங்கியபோது எழுத்துக் கோத்து அச்சிட வேண்டியிருந்தது. நாம் இளமையில் பயின்றது தட்டச்சுப் பொறி. ஒரு பக்கத்தில் தவறு நேர்ந்தால் அப்பக்கம் முழுவதையும் மீண்டும் அடித்தோம். இன்று உங்கள் கையில் இருப்பது அவர்களுக்குக் கிட்டாத கருவி. முனைவர் பட்டத்திற்கு ஆய்வேடு எழுதும் தங்கைகள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். கணினி மையத்தில் தட்டச்சிடுபவரின் தயவை எதிர்பார்த்து, பக்க எண்ணைத் திருத்துவதற்கென மறுபடியும் பணம் கட்டி, ஒப்படைக்கும் கடைசி நாளில் அவர்கள் கண்கலங்கி நிற்கலாகாது. இதனைக் கற்றவர் ஒருவர் நான்கு பேருக்குக் கற்பிக்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

முடிக்குமுன் ஒரு சொல். புதிய பகுதி ஒவ்வொன்றும் 'முந்தையதைப் போன்றதே' என்ற குறிப்புடனேதான் பிறக்கிறது. நாம் கைவைத்து நீக்கினாலன்றி அது நீங்காது. நம் வாழ்விலும் அத்தகைய குறிப்பைச் சுமந்துகொண்டே நம் பிள்ளைகள் பிறந்தார்கள். அதனை நீக்கவே இக்கழகம் தோன்றியது. ஆனால் எண்ணின் தொடர்ச்சியை நாம் அறுக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். நமக்கு முன் உழைத்தவர்கள் விட்ட இடத்திலிருந்தே நம் பக்கம் தொடங்க வேண்டும். இம்மலரின் பக்கங்களை ஒழுங்குபடுத்தும் பொறுப்பை இங்குள்ள இளைஞர்களே ஏற்க வேண்டும் எனவும், எந்தத் தாளும் எண்ணின்றி இக்கழகத்தை விட்டு வெளியேறலாகாது எனவும் கேட்டுக்கொண்டு விடைபெறுகிறோம்.